தரவையில் இறங்கிய பறக்கும் தட்டு

என்னுடைய பகிடி ஒன்று ஒரு மனிதரைச் சாகடிக்கப் பார்த்தது. அந்த மனிதர் இப்போது என் அக்காவின் புருஷன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, எனக்கென்று அம்மா எடுத்து வைத்த மீன்பொரியலில் பெரிய துண்டைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். நான் வாய் திறப்பதில்லை. அந்த உரிமை அவருக்கு இருக்கிறது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. (நான் அதை விடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, "உவனைத் தோட்டத்துக்கு விடுங்கோ, மற்றப் பிள்ளையளாவது படிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.) கொடிகாமத்துக்குக் கிட்ட எங்கள் ஊர். தோட்டத்தில் தண்ணீர் கட்டுவது, மாடு கட்டுவது, பொய் சொல்லி ஆட்களைப் பேய்க்காட்டுவது, இந்த மூன்றும்தான் என் உத்தியோகம். மூன்றாவதில் எனக்கு ஊரில் நல்ல பெயர். கெட்ட பெயர் என்றும் சொல்வார்கள்.

மாடு கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊருக்கும் வயலுக்கும் நடுவில் தரவை என்று ஒரு பொதுப் புல்வெளி கிடக்கிறது. காலையில் எங்கள் சிவப்பியை அங்கே கொண்டுபோய், நிலத்தில் ஒரு கட்டையை அறைந்து, நீளக் கயிற்றில் கட்டிவிட்டு வருவேன். கயிறு விட்ட மட்டும் அவள் சுற்றிச் சுற்றி மேய்வாள். பின்னேரம் பார்த்தால், கட்டையை நடுவில் வைத்துக் கவராயத்தால் கீறினதுபோல ஒரு வட்டம் மொட்டையாகக் கிடக்கும். அடுத்த நாள் பக்கத்தில் கட்டினால் அடுத்த வட்டம். எங்கள் ஊரில் இது தெரியாதவர் கிடையாது.

ஒரே ஒருவரைத் தவிர. அவர் தேவராசா அத்தான்.

அப்போது அவர் இன்னும் அத்தான் ஆகவில்லை. அக்காவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. கொழும்பிலே பிறந்து, கொழும்பிலேயே ஒரு கட்டடக் கந்தோரில் படம் வரைகிறவராக வேலை பார்த்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினவர்களில் ஒருவர். அவர் கொண்டுவந்தது மூன்று சாமான்: ஓர் அளவுநாடா, ஒரு பென்சில் பெட்டி, உடம்பு. எங்கள் ஊரில் இருந்த தன் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தார். வைகாசியில் கலியாணம் என்று நாள் குறித்திருந்தது. பின்னேரங்களில் அப்பாவோடு கதைக்க என்று சைக்கிளில் வருவார். அப்பா தோட்டத்தில் நிற்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருவார்.

எண்பத்தாறு மாசி மாதம் ஒரு பின்னேரம். மத்தியானமே கட்டையைப் பிடுங்கிப் புல்லில் போட்டுவிட்டுச் சிவப்பியைத் தண்ணீருக்குக் கொண்டுபோயிருந்தேன்; அதை எடுத்துக்கொண்டு வர மறுபடி தரவைக்குப் போனேன். கட்டையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், பக்கத்து வட்டத்தில் அத்தான் முழங்காலில் நின்றார். சைக்கிள் புல்லில் சரிந்து கிடந்தது.

"என்ன அத்தான், ஏதும் துலைச்சுப்போட்டியளோ?"

"துலைக்கேல்லை. கண்டுபிடிச்சிருக்கிறன். கிட்ட வராதையும், மிதிச்சுப்போடுவீர்."

கட்டையைப் பின்பக்கமாகக் கையில் ஒளித்துக்கொண்டேன். ஏன் ஒளித்தேன் என்று கேட்காதீர்கள். பகிடி வருகிற நேரம் என் கைக்கு முதலில் தெரிந்துவிடும்.

"மூண்டு வட்டம்," என்றார். "மூண்டுக்கும் ஆரை பன்னிரண்டு அடி ஐஞ்சு அங்குலம். கால் அங்குலமும் கூடக்குறைய இல்லை. மனிசன் கையாலை இப்பிடிப் புல்லு வெட்டேலாது. நடுவிலை பாரும், மூண்டிலையும் ஒரு ஓட்டை. அது காலூண்டின அடையாளம்."

"ஆற்றை கால், அத்தான்?"

அவர் மேலே வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு கொக்கு போனது.

பிறகுதான் பறக்கும் தட்டுகளைப் பற்றிச் சொன்னார். வேறு கிரகங்களிலிருந்து வருகிறவை, ஆளில்லாத வெளிகளில் இறங்குகிறவை, வட்டமாகப் புல் கருகுமாம். கொழும்பில் இருந்தபோது இதைப் பற்றி எத்தனையோ புத்தகம் படித்தாராம். பக்கத்தில் கிடந்த சாணத்தை நான் காட்டினேன்.

"ஓம், ஓம். இறங்கின இடத்துக்கு மிருகங்கள் தேடி வருமாம். அதுவும் வாசிச்சிருக்கிறன்."

நல்ல பிள்ளையாக இருந்தால் அந்த இடத்தில் கட்டையை எடுத்துக் காட்டியிருப்பான். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அத்தான், ஒண்டு சொன்னால் ஒருத்தருக்கும் சொல்லமாட்டியளே?"

"சத்தியமாச் சொல்லமாட்டன்."

"முந்தநாள் பொழுதுபடேக்கை உதிலை ஒரு வெளிச்சம் இறங்கினதைக் கண்டனான்."

அத்தானின் கை கொப்பிக்குப் போனது. "என்ன நிறம்?"

"நீலம்."

"சத்தம்?"

"இல்லை. ஆனா பல்லுக் கூசினது."

(அந்தப் பல் என்னுடைய சொந்தக் கற்பனை. இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.)

"உம்மடை பேர் போடமாட்டன்," என்று எழுதிக்கொண்டே சொன்னார். "சாட்சி எண்டு மட்டும் எழுதிறன்."

அடுத்த நாள் மத்தியானம், ஊர் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுச் சரிந்திருந்த நேரம், கலியாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்க என்று அப்பா வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பில் அரைவாசியை உரப்பையில் அள்ளிக்கொண்டு போனேன். மூன்று வட்டத்தின் ஓரத்திலும் ஒரு கை அகலத்துக்குத் தூவினேன். நடுவில் பனையின் காவோலை போட்டுக் கொளுத்திக் கறுப்பாக்கினேன். தள்ளி நின்று பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அவ்வளவு வடிவு.

பின்னேரம் அத்தான் வந்து பார்த்தார். சைக்கிளை விட்டு இறங்கவே மறந்து, ஒரு காலை ஊன்றியபடி நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. அவர் பொழுதுபடுமட்டும் இருந்து படம் வரைந்தார். வடக்குக் குறி போட்டு, கோயிலிலிருந்து எத்தனை யார், றோட்டிலிருந்து எத்தனை யார், ஒற்றைப் பனையிலிருந்து எத்தனை யார் என்று எல்லாம் அளந்து எழுதினார்.

"இதைப் பேப்பருக்கு அனுப்பவேணும்," என்றார்.

அங்கேதான் எனக்கு முதலில் பயம் வந்தது. பேப்பரில் வந்தால் அப்பா வாசிப்பார். அப்பா வாசித்தால் தரவைக்குப் போவார். போனால் சுண்ணாம்பை அடையாளம் பிடிப்பார். அன்றைக்கு என்னுடைய பயம் இவ்வளவுதான். சின்னப் பயம். அதை இப்போது நினைத்தால் ஆசையாக இருக்கிறது.

மறுநாள் காலை கெலி வந்தது.

கெலி வருவது புதினமில்லை. ஆமியின் ஹெலிகொப்டர் அது, பலாலி முகாமிலிருந்து வந்து, றோட்டோடு போய்விடும். சத்தம் கேட்டதும் ஊர் ஒருமுறை குனியும், போனதும் நிமிரும். அன்றைக்கு அது போகவில்லை. தரவைக்கு மேலே வந்ததும் திரும்பியது. பதிந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நானும் அம்மாவும் அக்காவும் மாமரத்தடியில் குப்புறக் கிடந்தோம். இலையெல்லாம் எங்கள் முதுகில் கொட்டியது. அம்மா தேவாரம் சொல்ல, நான் மண்ணுக்குள் வாயை வைத்துக்கொண்டு, "வெள்ளை வட்டம், நடுவிலை கறுப்பு, வெள்ளை வட்டம், நடுவிலை கறுப்பு" என்று சொன்னேன். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று அப்போதுதான் யோசித்தேன். கெலி இறங்க யாரோ அடையாளம் போட்டு வைத்ததுபோலத் தெரியும்.

மூன்றாவது சுற்றோடு அது போய்விட்டது. சுடவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அரைமணித்தியாலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே கதை.

"ஆரோ கெலிக்கு அடையாளம் போட்டிருக்கிறாங்களாம்," என்றாள் வாசல் படலையடியில் நின்று வந்த அம்மா. "தரவையிலை, சுண்ணாம்பாலை. ஊருக்குள்ளை ஆளிருக்கு."

மாடு மேய்ந்த வட்டத்தை எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்பு போட்ட வட்டத்தை ஒருவரும் மாட்டோடு சேர்த்து யோசிக்கவில்லை. கடகமும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு அழிக்க ஓடினேன். ஒற்றைப் பனையடியில் ஏற்கெனவே ஐந்தாறு பேர் காவல் நின்றார்கள். "அடையாளத்தை ஒருத்தரும் தொடக்குடாது, இயக்கப் பொடியள் வரப்போறாங்கள்," என்றார் ஒருவர். விளக்குமாறு எதற்கு என்று கேட்டார். கோயில் கூட்டப் போகிறேன் என்றேன். (வாழ்க்கையில் ஒருநாளும் நான் கோயில் கூட்டியதில்லை. அவரும் அதை யோசித்ததுபோலத்தான் பார்த்தார்.)

வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா விறாந்தையில் நின்றாள். முகத்தில் இரத்தமில்லை.

"அவரை வாசிகசாலைக்குக் கொண்டுபோட்டாங்களாம். கொப்பியோடை." பிறகு மெதுவாகக் கேட்டாள். "தம்பி, உனக்கு ஏதும் தெரியுமோ?"

அந்தக் காலத்தில் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் எடுத்தால் என்ன நடக்கும் என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.  நான் ஓடினேன்.

வாசிகசாலை யன்னலில் சனம் தேன்கூடு மாதிரி. தலையை நுழைத்துப் பார்த்தேன். அத்தான் நீட்டு மர வாங்கில் நேராக உட்கார்ந்திருந்தார், சோதனை எழுத வந்தவர் மாதிரி. மேசையில் அளவுநாடாவும் கொப்பியும். எதிரே கண்ணாடி போட்ட இயக்கப் பொடியன் ஒருவன். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். பக்கத்தில் ஊர்க் குழுத் தலைவர், இளைப்பாறிய போஸ்மாஸ்டர், கைகட்டி நின்றார்.

"கோயிலிலையிருந்து இருநூற்றுப் பத்து யார். ஆருக்கு அண்ணை உந்தக் கணக்கு?"

"பேப்பருக்கு, தம்பி."

"வடக்கெல்லாம் போட்டுக் கீறியிருக்கிறியள்."

"படம் எண்டால் வடக்குப் போடத்தானே வேணும்."

பொடியன் அடுத்த பக்கத்தை வாசித்தான். "'பொழுதுபட. நீல வெளிச்சம். சத்தம் இல்லை. பல் கூசும்.' இதென்ன, சங்கேதமோ?"

"இல்லை. சாட்சி சொன்னது."

"ஆர் சாட்சி?"

அத்தான் நாடாவை மேசை ஓரத்துக்கு நேராக எடுத்து வைத்தார். "அதைச் சொல்லமாட்டன். சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்."

யன்னல் கம்பி என் கையில் நனைந்திருந்தது. 

"சரி. வட்டம் ஆர் போட்டது? அதையாவது சொல்லுங்கோ."

"இந்தப் பூமியிலை இருக்கிற ஆரும் இல்லை," என்றார் அத்தான்.

எனக்குப் பின்னால் யாரோ, "விசரன் மாதிரி நடிக்கிறார்," என்றார்கள். பொடியன் கொப்பியை மூடினான். மூடின விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணை, அது மாடு," என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். என்னைப் பிடித்து உள்ளே விட்டார்கள். கட்டை, கயிறு, சுண்ணாம்பு, காவோலை, பல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பதினேழு வருடத்தில் நான் தொடர்ந்து இவ்வளவு நேரம் உண்மை பேசியது அன்றைக்குத்தான். ஒருவரும் நம்பவில்லை.

"உவன்ரை கதையை எடுக்காதையுங்கோ," என்றார் போஸ்மாஸ்டர். "மச்சானைக் காப்பாத்தப் புளுகிறான். போன வருசம் நான் செத்துப்போனன் எண்டு சொல்லி, என்ரை வீட்டுக்குச் செத்தவீட்டுக்கு ஆக்களை அனுப்பினவன் உவன். படலை திறந்தது நான்."

அது உண்மைதான். அதற்கும் சேர்த்து அன்றைக்கு வியர்த்தது.

கண்ணாடிக்காரன் என்னையே பார்த்தான். "மாட்டைக் கொண்டு வா," என்றான்.

சிவப்பியை இழுத்துக்கொண்டு தரவைக்குப் போனேன். ஊர் முழுக்கப் பின்னால் வந்தது. அத்தானை நடுவில் விட்டுக் கூட்டிவந்தார்கள். கட்டையைப் பழைய ஓட்டைக்குள் இறக்கினேன். நெருப்புப்பெட்டிக்குள் அதன் தட்டுப் போனதுபோல இறங்கியது. கயிற்றைக் கட்டினேன். தள்ளி நின்றேன்.

சிவப்பி அசையவில்லை. காலையில் கெலிக்கு வெருண்டவள், இப்போது இவ்வளவு சனத்தைக் கண்டதும் மரம்போல நின்றாள். "மேய்," என்றேன். கெஞ்சினேன். புல்லைப் பிடுங்கி நீட்டினேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வட்டத்தின் நடுவில் காவோலைச் சாம்பலுக்கு மேலே காலை மடித்துப் படுத்து, அசைபோடத் தொடங்கினாள்.

"பாத்தியளே," என்றார் போஸ்மாஸ்டர்.

அத்தானுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற இரண்டு பேர் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றார்கள். அதைப் பார்த்ததும் நான் மாட்டின் காலடியில் இருந்து அழத் தொடங்கினேன். சத்தமாகத்தான். வெட்கம் பிறகுதான் வந்தது.

சனத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். தோட்டத்திலிருந்து நேரே வந்தவர், முழங்கால் வரை சேறு. ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பியின் முதுகில் தட்டி, நாக்கால் ஒரு சத்தம் போட்டார். அவள் எழும்பினாள். கயிறு இழுபடும்வரை நடந்தாள். மொட்டை வட்டத்தில் புல் இல்லாததால், கழுத்தை நீட்டி, வட்டத்துக்கு வெளியே நின்ற பச்சைப் புல்லை எட்டிப் பார்த்தாள். நாக்கு சரியாக வெள்ளைக் கோட்டில் போய் நின்றது. சுண்ணாம்பு மணந்து தும்மினாள்.

ஒருவரும் சொல்லாமலே அத்தான் முன்னுக்கு வந்தார். மேசையிலிருந்து கொண்டுவந்த நாடாவைக் கண்ணாடிக்காரனிடம் கைநீட்டி வாங்கினார். ஒரு நுனியைக் கட்டையில் பிடிக்கச் சொல்லி என்னிடம் தந்துவிட்டு, மற்ற நுனியை மாட்டின் வாயடிக்குக் கொண்டுபோய்க் குனிந்தார்.

"பன்னிரண்டு அடி," என்றார். பிறகு கொஞ்சம் நின்று, மெல்லிய குரலில், "ஐஞ்சு அங்குலம்."

அந்த ஐந்து அங்குலம்தான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் அதை வாசித்தபோது அவர் முகத்தைப் பார்த்தவன் நான் மட்டும்தான். காப்பாற்றப்பட்ட மனிதரின் முகம் அப்படி இருக்காது.

சனம் சிரிக்கத் தொடங்கியது. போஸ்மாஸ்டரும் சிரித்தார். கண்ணாடிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. கொப்பியில் இரண்டு பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை அத்தானிடம் கொடுத்தான். என்னிடம், "பொழுதுபட முதல் உந்த வெள்ளை ஒண்டும் இருக்கக்கூடாது. விளக்குமாறு வேண்டாம், கையாலை," என்றான்.

அப்பா சுண்ணாம்பைக் கிள்ளி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "உது எங்கடையோ?" என்று கேட்டார். தலையாட்டினேன். பிறகு நடந்ததை எழுதத் தேவையில்லை. ஊர் முழுக்கப் பார்த்தது.

சுண்ணாம்பு பட்டுக் கை முழுக்கக் கொப்புளம் போட்டது. அது ஒரு கிழமையில் ஆறிவிட்டது. அத்தான் மட்டும் வரவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. அவருடைய சித்தப்பாவிடம் அப்பா ஆளனுப்பினார். "பொடியன் யோசிக்கிறான்," என்று பதில் வந்தது. அக்கா என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, அதுவே ஒரு கேள்வி மாதிரி நிற்பாள். பதினாறாம் நாள் கோப்பையைத் தள்ளி வைத்தேன். எழும்பிப் போனேன்.

அத்தான் சித்தப்பா வீட்டு முற்றத்தில் பென்சில் சீவிக்கொண்டு இருந்தார். சீவுவதற்கு இன்னும் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, பென்சில் ஊசியாகத்தான் இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அத்தான்."

"வட்டம் மாடு. அது விளங்குது," என்றார் நிமிராமல். "அந்த வெளிச்சம்?"

அவர் கேட்ட விதத்தில், 'அது மெய்' என்று நான் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்தது. வாய் நுனிவரை வந்தது. எவ்வளவு சுலபமான பொய்.

"அதுவும் பொய், அத்தான்."

"பல்லுக் கூசினது?"

"அதுவும்."

"அது நல்லாயிருந்தது," என்றார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "கப்பலிலை வரேக்கை நான் ஒண்டு கண்டனான். மேல்தட்டிலை விழுந்து கிடக்கிறம். சின்னப் பிள்ளையள், கிழடுகள், எல்லாரும் அழுதபடி. வானத்திலை ஒரு வெளிச்சம் எங்களோடையே வந்தது. சத்தமில்லை. கனநேரம் வந்தது. ஒருத்தரும் மேலை பாக்கேல்லை, நானும் ஒருத்தருக்கும் காட்டேல்லை. இரண்டரை வருசமா ஆராவது ஒருத்தர் 'நானும் கண்டனான்' எண்டு சொல்லுவினமோ எண்டு பாத்துக்கொண்டு திரிஞ்சன். நீர்தான் முதல் ஆள்."

நான் முற்றத்தில் கிடந்த பென்சில் சீவலைப் பொறுக்கினேன். 

"உம்மடை அக்கா என்ன சொல்லுறா?" என்று கேட்டார்.

"கதைக்கிறா இல்லை."

"ஆரோடை?"

"என்னோடை."

"அப்ப சரி," என்றார். "நாளைக்கு வாறன் எண்டு சொல்லும்."

வைகாசியில் கலியாணம் நடந்தது. எட்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என் சொல்லுக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது. நான் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான். நெருப்புக்காய்ச்சலில் கிடந்து, "அக்கா, உடம்பு கொதிக்குது," என்றபோது, நெற்றியில் கை வைக்க முதல் அக்கா கேட்டது, "மாட்டை எங்கை கட்டினனி?" எனக்கு ஒரு பெட்டை சரி சொல்லிவிட்டாள் என்று வந்து சொன்னபோது, அப்பாகூட, சிரிக்காத மனிதர், "மாட்டை எங்கையடா கட்டினனி?" என்றார். (அந்தப் பெட்டை பிறகு இல்லையென்றுவிட்டாள். அது வேறு.)

போன மாதம் ஒரு ஞாயிறு, பொழுது விழுந்தும் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்த நேரம், கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றேன். தெற்கே தென்னைகளுக்கு மேலே ஒன்று நின்றது. கெலியென்றால் சத்தம் முன்னமே வரும். வெளிச்சக்குண்டென்றால் விழும். இது விழவில்லை. நின்றது. பிறகு பக்கவாட்டில் போய், மறுபடி நின்றது. வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஓடி வாங்கோ, வானத்திலை ஒண்டு நிக்குது. சத்தியமா."

அக்கா அத்தானைப் பார்த்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் மகளுக்கு ஆறு வயது. அவள் பிறக்க முதல் நடந்த கதை இது. சோற்றுக் கையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா, மாட்டை எங்கை கட்டினனீங்கள்?"

வீடு இடிகிறமாதிரிச் சிரித்தார்கள். நான் கிணற்றடிக்குத் திரும்பிப் போனேன். தென்னைகளுக்கு மேலே ஒன்றும் இல்லை.

கொஞ்சம் பொறுத்து, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான். கை கழுவாமலே எழும்பி வந்திருந்தார். ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்தப் பக்கம் நிண்டது?"

கையைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.